கொள்ளிடக் கரையா, புது ஆறா, கடலோரமா?

என் மைத்துனன் சென்னையில் இருக்கிறான். ஒரு வருஷமாகக் காசு சேர்த்து 'கிராவல் பைக்' ஒன்று வாங்கியிருக்கிறான்; மண், சரளைப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள். போன வாரம் போன் செய்தான். "மாமா, பொங்கலுக்கு வர்றேன். சைக்கிளையும் ரயில்ல பார்சல் போட்டுக் கொண்டு வந்துடறேன். ரெண்டு நாள் முழுக்க ஓட்டணும். பஸ், லாரி, ஹாரன் எதுவும் இருக்கக் கூடாது. தார் ரோடு வேண்டாம். உங்க பக்கம் எங்க ஓட்டலாம்?"

நான் தஞ்சாவூர்க்காரன். இங்கே 'கிராவல்' என்றால் டிப்பரில் வந்து இறங்கும் சிவப்புச் சரளை மண். வீட்டு மனையை மேடாக்க அடிப்பார்கள், ஆற்றங்கரையைப் பலப்படுத்த அடிப்பார்கள். "மச்சான் கிராவல் வண்டி வாங்கியிருக்கான்" என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். "எத்தனை யூனிட் ஏத்தும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கிராவல் அடித்த கரை ரோடுகள்தான் இந்த வகை சைக்கிளுக்கு எங்கள் பக்கம் இருக்கும் முக்கியமான இடம். வெளிநாடுகளில் ரயில் நின்றுபோன தடங்களைச் சைக்கிள் பாதையாக்கி, இரண்டு முனையிலும் கார் நுழையாதபடி தூண் நட்டுவிடுகிறார்கள். நம்மிடம் மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் பாதை 1980களில் நின்றுபோனது. அப்படி ஒரு பாதைக்குத் தோதான தடம்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் கேட்பது ரயிலைத் திரும்ப விடச் சொல்லி. நான் அந்த ஊரில் இருந்தாலும் அதையேதான் கேட்பேன்.

ஆகவே முழுக்க முழுக்க வண்டியே இல்லாத பாதை என்று ஒன்று டெல்டாவில் கிடையாது. இருப்பது நீர்வளத் துறையின் கரை ரோடு. ஷட்டரையும் கரை உடைப்பையும் பார்த்துவரப் போட்டது. காலை ஏழு மணிக்குப் பால்காரர், எட்டரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாயங்காலம் ஆடு மாடு, நடுவில் எப்போதாவது ஒரு டிராக்டர். இதைத் தொல்லை என்று நினைக்கிறவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

என் மனதில் மூன்று பாதைகள் ஓடின. ஒன்று, கல்லணையிலிருந்து அணைக்கரை வரை கொள்ளிடத்தின் தென்கரை. இரண்டு, தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கம் போகும் கல்லணைக் கால்வாய்க் கரை. இதை நாங்கள் புது ஆறு என்போம். மூன்று, கடலோரம், குறிப்பாக வேதாரண்யம்–கோடியக்கரை.

எது அழகு என்று கேட்டால் மூன்றும் அழகுதான், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் முதலில் பார்ப்பது மாதத்தை. இரண்டு காரணம்: காற்று, தண்ணீர்.

டெல்டாவில் மேடு என்று சொல்ல எதுவுமில்லை. ஏற்ற இறக்கமெல்லாம் காற்றில்தான். ஆடியில் மேல்காற்று, அம்மி பறக்கிறதோ இல்லையோ, கிழக்கே போகிற சைக்கிள் பறக்கும். மார்கழி, தையில் அப்படியே தலைகீழ். வாடையும் கொண்டலும் மாறி மாறி வடகிழக்கிலிருந்து வரும். ஒரு தை மாதம், இது தெரிந்தும், கல்லணையில் கிளம்பி அணைக்கரைக்கு ஓட்டினேன். கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். ஆடியில் ஐந்து மணி நேரத்தில் முடித்த அதே தூரத்துக்கு அன்று ஒன்பது மணி நேரம் ஆயிற்று. முகத்தில் யாரோ கையை வைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பது போல் இருந்தது. கடைசிப் பத்து கிலோமீட்டர் இருட்டில், அங்கங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

தண்ணீர்க் கணக்கு வேறு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், ஜனவரி 28-இல் மூடுவார்கள். சில வருஷம் தேதி முன்பின் ஆகும். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள். ஆற்றில் தண்ணீர் ஓடினால் பார்க்க அழகு என்பது இருக்கட்டும், சைக்கிள்காரனுக்கு அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் உள்ளே இறங்கி வேலை செய்ய முடியாது. வேலை இல்லை என்றால் டிப்பர் இல்லை, ஜல்லி லாரி இல்லை. மாசியிலிருந்து வைகாசி வரை கரையில் தூர்வாரும் பொக்லைனும் லாரியுமாக இருக்கும். புழுதியில் எதிரே வருவது எருமையா லாரியா என்று தெரியாது. 'அமைதியான கரை ரோடு' என்று யாராவது போட்டோ போட்டால் நான் முதலில் தேடுவது அதில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான்.

சரி, கொள்ளிடத்துக்கு வருவோம். மூன்றில் என் மனசுக்கு நெருக்கமானது இதுதான். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகிற கொள்ளிடம் ஒரு வெள்ள வடிகால். பாசனத்துக்குக் காவிரியும் வெண்ணாறும் புது ஆறும்; அவை தாங்காத தண்ணீர் மட்டும் இதில் விழும். அதனால் வருஷத்தில் பெரும்பகுதி அரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலமாக வெறும் மணல், நடுவில் ஒரு ஓடை, ஓடையோரம் நாணல். தண்ணீர் வந்தாலோ வேறு ஆறு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் 9 மதகுகளை அடித்துக்கொண்டு போனது இந்த வெள்ளம்தான். 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது.

கரை உயரமானது. மேலே சைக்கிளில் உட்கார்ந்தால் இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் படுகை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழை, அப்புறம் கரும்பு, நடுவே வெற்றிலைக் கொடிக்கால். வாழைத் தோட்டத்தை அதன் தலைக்கு மேலிருந்து பார்ப்பது ஒரு தனி அனுபவம். காலை ஆறரை மணிக்குப் பனி இறங்கும்போது இலைகளின் மேல் பகுதி மட்டும் தெரியும். தண்டும் ஊரும் ஒன்றும் தெரியாது. மயில்கள் கரையின் நடுவில் நின்றுகொண்டு கடைசி நொடி வரை நகராது. அக்கரையில் திருமழபாடிக் கோபுரம் தெரிய ஆரம்பித்தால் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டோம் என்று கணக்கு. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்களே, அந்த நந்தி கல்யாணம் நடக்கிற ஊர். மைத்துனனுக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதால் இதையும் குறித்து வைத்தேன்.

ஆனால் குறைகள் உண்டு, சின்னக் குறைகள் இல்லை. நிழல் கிடையாது. கடை கிடையாது, டீ வேண்டுமென்றால் கரையிலிருந்து இறங்கி ஊருக்குள் போக வேண்டும், இறங்குகிற சரிவு எல்லா இடத்திலும் இல்லை. அக்கரைக்குப் போகப் பாலங்களும் குறைவு; விளாங்குடி–திருமானூர், நீலத்தநல்லூர்–மதனத்தூர், அணைக்கரை என்று தூரத் தூரமாகத்தான் இருக்கும். ரோடும் ஒரே சீராக இருக்காது. நாலு கிலோமீட்டர் கெட்டியான கிராவல், பிறகு உடைந்த தார், பிறகு சக்கரம் புதைகிற மணல்.

எல்லாவற்றுக்கும் மேலே முள். சீமைக்கருவேலம் கரையின் இரண்டு பக்கமும். வெட்டிப் போட்ட முள்ளை வண்டிப்பாதையிலேயே உலர்த்துவார்கள். ஒரு முறை டயரைக் கழற்றிப் பார்த்தபோது எண்ணினேன்: பின் டயரில் மட்டும் பதினொரு முள். டியூபில் ஒட்டுப் போட இடமில்லாமல் ஒரு டிராக்டர்க்காரர் காலில் விழாத குறையாகக் கேட்டு, வைக்கோல் மேல் சைக்கிளைப் போட்டுக்கொண்டு கபிஸ்தலம் வரை வந்தேன்.

அணைக்கரையில் குளிக்கலாமா என்று கேட்பான். கூடாது. அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் கீழணைப் பக்கம் முதலை உண்டு. ஊர்க்காரர்கள் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அணையில் நின்று வடவாறு பிரிவதைப் பார்த்துவிட்டு வரலாம். வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவது அந்த வழியில்தான். 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் குழாயில் சென்னைக்கும் போகிறது. அவன் வீட்டுக் குழாயில் வருவதில் இந்த ஆற்றுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

புது ஆறு இதற்கு நேர் எதிர். கொள்ளிடம் தானாக ஓடுகிற ஆறு; இது அளந்து வெட்டியது. மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-இல் வந்தது. கல்லணையில் கிளம்பி, பெரிய கோயிலை ஒட்டித் தஞ்சாவூரைத் தாண்டி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தெற்கே போய், 148 கிலோமீட்டர் தள்ளிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கடலுக்குப் பக்கத்தில் மும்பாலை ஏரியில் முடிகிறது. கடலில் போய்ச் சேராத ஆறு என்று சின்ன வயதில் என் அப்பா விடுகதை போடுவார், விடை இதுதான்.

இதன் பெரிய பலம், எங்கே அலுத்தாலும் வெளியே வந்துவிடலாம். சில கிலோமீட்டருக்கு ஒரு பாலம், பாலத்தடியில் ஒரு டீக்கடை, டீக்கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம். பஞ்சர் ஆனால் ஊர் பக்கத்தில். வெயில் ஏறினால் மதகு மேடையில் துண்டை விரித்துப் படுக்கலாம். முதல் முறை வருகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்று கொள்ளிடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

நிழலும் உண்டு, ஆனால் துண்டு துண்டாக. தஞ்சாவூர் ஜில்லாவில் வாய்க்கால் கரைகளில் வனத்துறை தேக்கு நட்டது பழைய கதை. அந்தத் தேக்கு இன்னும் பல இடங்களில் வரிசை கட்டி நிற்கிறது. தையில் இலை பழுத்து உதிர ஆரம்பிக்கும். அப்பளம் மாதிரி உலர்ந்த பெரிய இலைகள். அதன் மேல் டயர் ஏறினால் நொறுங்குகிற சத்தம் நூறு அடிக்குக் கேட்கும், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்போம். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே போகப் போகத் தென்னை. 2018 நவம்பர் கஜா புயலில் அந்தப் பக்கம் விழுந்த தென்னைக்குக் கணக்கில்லை. திரும்ப நட்ட கன்றுகள் இப்போது வளர்ந்துகொண்டிருக்கின்றன.

குறை என்றால் கான்கிரீட். 2021-இல் அடிக்கல் நாட்டிய 2,640 கோடி ரூபாய்த் திட்டத்தில் கால்வாய்க்குக் கான்கிரீட் தளமும் சரிவும் போடுகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வேகமாகப் போகும் என்பது ஒரு கட்சி, நிலத்தடி நீர் ஊறாமல் போகும் என்பது இன்னொரு கட்சி. டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் மறுபடி சைக்கிள் ஏற ஒரு மணி நேரம் ஆகும். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: மண் கரையில் வழுக்கி விழுந்தால் புல்லைப் பிடித்து ஏறலாம். கான்கிரீட் சரிவில் பாசி பிடித்திருக்கும், தண்ணீர் இழுக்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது. அதனால் கால்வாய்ப் பக்க ஓரத்தில் ஓட்டக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து ஓட்டினாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும்.

கடலோரத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு தப்பான கற்பனை இருக்கிறது. கடலை ஒட்டியே நூறு கிலோமீட்டர் ஓட்டலாம் என்று வரைபடத்தைப் பார்த்து நினைக்கிறார்கள். டெல்டாக் கடற்கரையை ஆறுகள் துண்டு போட்டு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு முகத்துவாரத்திலும் பாதை முடிந்துவிடும். உள்ளே திரும்பி, பாலம் தேடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஓட்டி, திரும்பக் கடலுக்கு வர வேண்டும். தரங்கம்பாடி–பூம்புகார் இடையே சின்னங்குடி, வானகிரிப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்குள் போகும் மணல் தடங்கள் நன்றாக இருக்கும். சவுக்கு ஊசி உதிர்ந்து மணலை இறுக்கி வைத்திருக்கும் இடங்களில் டயர் மெத்தையில் போவது போல் போகும். தோப்பை வெட்டிவிட்டால் அதே தடம் வெறும் மணல், தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அரை நாளுக்கு மேல் அதில் விஷயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

வேதாரண்யம் அப்படியில்லை. அகத்தியம்பள்ளியில் தொடங்கும் உப்பளங்கள் கண்ணுக்கு எட்டிய வரை தட்டை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். தூண் இருக்கிறது, நின்று பார்த்துவிட்டுப் போகலாம். அங்கிருந்து கோடியக்காடு, கோடியக்கரை. வண்டி ரொம்பக் குறைவு. தையில் போனால் உப்பு வேலை சூடு பிடித்திருக்காது. மழைத் தண்ணீர் வடிந்து, பாத்திகளைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பார்கள். சதுப்பில் பூநாரைகள் நிற்கும். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு மாதிரி தெரிவது ஒரே நேரத்தில் எழும்பினால் சிறகின் உள்பக்கச் சிவப்பும் கறுப்பும் தெரியும். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான் உண்டு, காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் உண்டு. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், அவர்கள் விடுகிற தடத்தில்தான் போக வேண்டும். உப்பளத்து வரப்புகள் ஆளுக்குச் சொந்தமானவை. வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் 'போங்க' என்பார்கள், கேட்காமல் ஏறினால் முகம் சுளிப்பார்கள்.

இங்கே கஷ்டம் களி. ஒரு மழை பெய்தால் போதும், அந்தச் சாம்பல் நிற மண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தையே சுற்ற விடாது. அப்புறம் உப்பு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் இரண்டே நாளில் செயின் துருப்பிடித்துவிடும். நிழல் என்பது கோடியக்காட்டில் மட்டும்.

சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை. அவன் வண்டியில் 40 மில்லிமீட்டர் டயர். கிராவலுக்கும் தேக்கிலைக்கும் சரியாக இருக்கும், கொள்ளிடத்து மணலுக்குப் போதாது, சவுக்குத் தோப்புக்குச் சுமார். காற்றைக் கல் மாதிரி ஏற்றிக்கொண்டு வராமல் கொஞ்சம் இறக்கினால் நல்லது. உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் டயர் என்றால் கருவேல முள்ளுக்கு ஓரளவு தாங்கும். ஆனால் பெரிய சிக்கல் வேறு. எங்கள் ஊர் பஞ்சர் கடையில் அவன் டயருக்குப் பொருந்தும் 700சி டியூப் கிடைக்காது. நம்மூர்ப் பெரிய சைக்கிள் சக்கரம் பார்க்க அதே அளவுதான் இருக்கும், ரிம் அளவு வேறு, டயர் மாற்றிப் போட முடியாது. அவன் சக்கரத்தில் இருப்பது பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு, அதில் கடைக்காரர் பம்பு ஏறாது. அடாப்டர் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, பத்து கிராம் இருக்குமா, அது இல்லாமல் வந்தால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைக்கிளைத் தோளில்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். என் பழைய சைக்கிளுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். மணலில் அதுவும் புதையும், அது வேறு விஷயம்.

ஆக, மாதத்தைச் சொன்னால் பாதையைச் சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கேயும் வேண்டாம்; மழையில் கரை எங்கே உடையும் என்று துறை ஆட்களே ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் குறுக்கே போகக் கூடாது. சித்திரை, வைகாசியில் விடியற்காலை இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஆடி, ஆவணியில் கொள்ளிடம், கல்லணையிலிருந்து கிழக்கே, முதுகில் காற்றை வைத்துக்கொண்டு. மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்திருக்கிறார்கள் என்றால் மட்டும் தள்ளிப்போட வேண்டும். தையில் கொள்ளிடம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பஸ்ஸில் அணைக்கரை போய் இறங்கி மேற்கே ஓட்டலாம்.

பொங்கலுக்கு வருகிறவனுக்கு நான் சொன்னது இது. முதல் நாள் புது ஆறு. ஜனவரி 28 வரை தண்ணீர் இருக்கும், லாரி இருக்காது. தஞ்சாவூரிலிருந்து தெற்கே போகும்போது காற்று இடப்பக்கம் சாய்ந்துதான் அடிக்கும், நேரே முகத்தில் அடிக்காது. பட்டுக்கோட்டையில் சாப்பாடு. அங்கிருந்து வேதாரண்யத்துக்கு சைக்கிளில் போக வேண்டாம். பெரும்பாலும் தார், பஸ், லாரி. அவன் எதெல்லாம் வேண்டாம் என்றானோ அதெல்லாம் அந்த ரோட்டில் இருக்கிறது. ஒரு லோடு ஆட்டோ பேசி சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய் ராத்திரி அங்கே தங்கலாம். இரண்டாம் நாள் விடிவதற்குள் உப்பளம், பத்து மணிக்குள் கோடியக்காட்டு நிழல். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இரண்டாம் நாளை ரத்து செய்துவிட்டு வீட்டில் கரும்பு கடிக்கலாம்.

"கொள்ளிடம் கிடையாதா மாமா? போட்டோல அதுதான் நல்லா இருந்துச்சு" என்றான். ஆடிக்கு லீவு போட்டுவிட்டு வா என்றேன். ஆடிப்பெருக்கு அன்று கல்லணையில் கால் வைக்க இடமிருக்காது, அதற்கு இரண்டு நாள் கழித்துக் கிளம்பலாம். லீவு கிடைப்பது கஷ்டம் என்று இழுத்தான். போனை வைக்கும் முன் அடாப்டரை மட்டும் மறுபடி நினைவுபடுத்தினேன். இரண்டாக வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், ஒன்றை எப்படியும் தொலைப்பான்.